உள்ளறையிலிருந்து பால்கனிக்கு: கப்பல் அறையை எந்தக் கட்டத்தில் மாற்றுவது?

வடகடல்
வணக்கம். அலாஸ்கா, 7 இரவு, வான்கூவரில் ஏறி விட்டியரில் இறங்கும் ஒருவழிப் பயணம். இரண்டு பேர். இப்போது கையில் இருப்பது ஜன்னல் இல்லாத உள்ளறை; 6-ஆம் தளம், கப்பலின் நடுப்பகுதி, எண் நாங்களே பார்த்து எடுத்தது. புறப்பட 5 மாதம் இருக்கிறது. முழுத்தொகை கட்டக் கடைசி நாள், புறப்பாட்டுக்கு 90 நாள் முன்பு. முன்பணம் திரும்பக் கிடைக்கும் வகை. பால்கனிக்கு மாற விருப்பம். இப்போதே வித்தியாசத்தைக் கட்டிவிடுவதா, மேல்வகை அறைக்கு நாமே ஒரு தொகை வைக்கச் சொல்லும் ஏல அழைப்பு வரும்வரை பொறுப்பதா, கப்பலில் ஏறியபின் கேட்பதா? காரணத்தோடு சொன்னால் நன்றாக இருக்கும்.

திசைகாட்டி
உங்களுக்கு வாய்ப்பு நான்கு இடத்தில் வருகிறது. நான்கும் ஒரே விலையில் வராது, ஒரே உரிமையோடும் வராது.

முதலாவது, இன்றிலிருந்து முழுத்தொகை நாள் வரை. இதுதான் உங்கள் கை ஓங்கியிருக்கும் காலம். அதே பயணத்தில் அறை வகையை மாற்ற பெரும்பாலான நிறுவனங்கள் கட்டணம் கேட்பதில்லை. அன்றைய விலைக்கும் உங்கள் விலைக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான். தளப்படத்தைப் பார்த்து அறை எண்ணை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். மாறிய பிறகு விலை இறங்கினால் மறுபடியும் விலையைத் திருத்தச் சொல்லலாம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. விலை திருத்தும்போது உங்கள் பதிவு அன்றைய சலுகைக்குள் போய்விடும், பழைய சலுகை கழன்றுவிடும். கப்பலில் செலவழிக்கக் கொடுத்த வரவுத்தொகை, இலவச இணையம், பானத் திட்டம் எதுவாக இருந்தாலும் சரி. வித்தியாசம் 15 குறைந்தது என்று மகிழ்ந்தால், 10 மதிப்புள்ள வரவுத்தொகை போயிருக்கும்; உண்மை லாபம் 5 தான். தொலைபேசியில் மாற்றும்போது "பழையதில் இருந்து என்னென்ன போகிறது?" என்று கேட்டு, புதிய உறுதிச்சீட்டு மின்னஞ்சலில் வந்த பிறகே சரி சொல்லுங்கள்.

இரண்டாவது, முழுத்தொகை நாள் கழிந்த முதல் வாரம், பத்து நாள். இந்த இடைவெளியைப் பலர் கவனிப்பதில்லை. அபராதமில்லாமல் விலக முழுத்தொகை நாள்தான் கடைசி என்பதால் சந்தேகத்தில் இருப்பவர்கள் எல்லாரும் அந்த நாளையொட்டி விலகுகிறார்கள். அந்த அறைகள் அடுத்த சில நாட்களில் விற்பனைக்குத் திரும்புகின்றன. விலை இறங்கினால் பணம் திரும்ப வராது என்றாலும், அதே தொகைக்கு மேல்வகை தரச் சொல்லிக் கேட்கலாம். சில நிறுவனங்கள் ஒத்துக்கொள்ளும், சில ஒத்துக்கொள்ளாது, கேட்பதற்குச் செலவில்லை.

மூன்றாவது ஏலம். நான்காவது துறைமுகமும் கப்பல் வரவேற்பு மேசையும். நான்காவதை மறந்துவிடுங்கள். கப்பல்கள் இப்போது நிறைந்துதான் கிளம்புகின்றன. கடைசி நாளில் காலியான ஓரிரு அறை இருந்தாலும், குழாய் உடைந்தது, குளிரூட்டி கெட்டது என்று வருபவர்களுக்காக அதை வைத்திருப்பார்கள்.

கணக்குப்பிள்ளை
ஏலத்தைப் பற்றிச் சேர்க்கிறேன். பணம் அதிகம் வீணாவது இங்கேதான்.

ராயல் கரீபியன் கப்பல் நிறுவனத்தில் இதன் பெயர் ராயல்அப், செலிப்ரிட்டியில் மூவ்அப், நார்வீஜியனில் அப்கிரேட் அட்வான்டேஜ். ஒழுங்கு ஏறக்குறைய ஒன்றே. தகுதியான பதிவுகளுக்கு மின்னஞ்சல் வரும், அல்லது நிறுவனத் தளத்தில் பதிவு எண்ணை இட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு மேல்வகைக்கும் ஒரு குறைந்தபட்சத் தொகை, அதை நகர்த்த ஒரு பட்டை, பக்கத்தில் உங்கள் தொகை எவ்வளவு வலுவானது என்று நிறத்தில் காட்டும் வலுக்காட்டி. ஏற்கப்படும்வரை தொகையை மாற்றலாம், விலக்கிக்கொள்ளலாம். ஏற்றவுடன் அட்டையில் பணம் எடுக்கப்படும். அதன்பின் திரும்ப வராது.

திரையில் தெரிவது ஒரு நபருக்கான தொகை. அறைக்கு இரண்டால் பெருக்க வேண்டும். தனியாகப் போகிறவருக்கும் இரண்டால்தான் பெருக்குவார்கள். 40 என்று பட்டையை வைத்தவர் அட்டையில் 80 போனதைப் பார்த்துத் திகைப்பது இதனால்தான்.

பட்டையைத் தொடும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று: வேறொரு சாளரத்தில் அதே பயணத்துக்குப் புதிய பதிவு போடுவது போலப் போய், பால்கனியின் இன்றைய விலையைப் பாருங்கள். துறைமுக வரியும் கட்டணமும் எல்லா அறைக்கும் தலைக்கு ஒன்றுதான். அதைக் கழித்துவிட்டுக் கட்டணத்தை மட்டும் ஒப்பிடுங்கள். நீங்கள் உள்ளறைக்குத் தலைக்கு 100 கட்டியிருக்கிறீர்கள், இன்று பால்கனி 135 என்றால், ஏலத்தின் உச்ச வரம்பு 35. அதைத் தாண்டுவது முட்டாள்தனம் என்று சொல்லத் தேவையில்லை, ஆனால் தாண்டுகிறார்கள். வலுக்காட்டி பச்சைக்கு வரும்வரை இழுத்துக்கொண்டே போகிறார்கள். அந்தக் காட்டி உங்கள் தொகை அவர்களுக்கு எவ்வளவு பிடித்தமானது என்பதைச் சொல்கிறது. எத்தனை அறை காலி என்பதை அது சொல்லாது.

35 வித்தியாசத்தைக் கட்டி நேரடியாக மாறினால் அறை எண்ணைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு, ஏலத்தில் அது இல்லை. ஆகவே ஏலம் அதைவிடக் கணிசமாகக் குறைவாக இருந்தால்தான் பொருள். என் கணிப்பில் வித்தியாசத்தின் பாதிக்குமேல் போகக்கூடாது. இந்த எடுத்துக்காட்டில் 17, 18.

இன்னொன்று, ஒரு மணி நேரக் கணக்கு. 18 வீதம் இருவருக்கு 36. 7 இரவுக்கு வகுத்தால் இரவுக்கு ஐந்து சொச்சம். அலாஸ்காவில் நாளுக்கு இரண்டரை மணி நேரம் பால்கனியில் நிற்பீர்கள் என்றால் மணிக்கு ஏறக்குறைய 2. அதையே தினமும் ஒரு துறைமுகம், காலை எட்டிலிருந்து மாலை ஆறுவரை ஊரில் என்று போகும் பயணத்தில் போட்டுப்பாருங்கள். பால்கனியில் இருப்பது அரை மணி. மணிக்கு 10 ஆகிவிடும். தொகை மாறவில்லை, மதிப்பு ஐந்தில் ஒன்றாகிவிட்டது.

மேல்தளம்
கணக்குப்பிள்ளை அவர்களே, பாதிக்குமேல் போகக்கூடாது என்பதை விதியாக்க முடியாது. எந்த வகையில் எத்தனை அறை காலி என்ற கையிருப்பைப் பார்க்காமல் எந்தத் தொகையும் சொல்ல முடியாது.

நிறுவனம் ஏன் அறையை உயர்த்தித் தருகிறது என்று யோசியுங்கள். மலிவான அறைதான் கடைசி நேரத்தில் சட்டென்று விற்கும். உள்ளறைகள் தீர்ந்து, பால்கனிகள் தேங்கி நின்றால், உள்ளறைக்காரரைப் பால்கனிக்கு ஏற்றி, காலியான உள்ளறையை இன்னொருவருக்கு விற்கிறார்கள். இரண்டு பக்கமும் பணம். ஆகவே நீங்கள் பார்க்க வேண்டியது பால்கனி எத்தனை காலி என்பதை மட்டும் அல்ல. உங்கள் இப்போதைய வகை தீர்ந்துவிட்டதா என்பதையும்தான். உள்ளறையும் நிறைய காலி, பால்கனியும் நிறைய காலி என்றால், உங்களை நகர்த்துவதில் அவர்களுக்கு லாபம் உங்கள் ஏலத்தொகை மட்டும். அதைவிடப் பால்கனி விலையையே குறைத்துப் புதியவருக்கு விற்கப் பார்ப்பார்கள். அந்த நிலையில் விலைக்குறைப்புக்குக் காத்திருப்பது மேல். உள்ளறை தீர்ந்து பால்கனி தேங்கியிருந்தால் குறைந்தபட்சத் தொகையே போதும். பால்கனியும் தீர்ந்திருந்தால், மேலே பெரிய, விலை கூடிய சூட் அறைகளுக்கு யாராவது ஏறினால்தான் கீழே இடம் விழும். அது சங்கிலி, கடைசி இரண்டு நாளில்கூட நகரும்.

காலி அறைகளை எண்ணும்போது ஒன்று கவனம். பல தளங்கள் ஒரு வகையில் எல்லா அறையையும் காட்டுவதில்லை, சிலவற்றைத்தான் காட்டுகின்றன. ஐந்து எண் தெரிந்தால் ஐந்துதான் காலி என்று பொருளில்லை. வகைக் குறியீடு (ஒரே வகைக்குள் உள்ள உட்பிரிவின் பெயர்) ஒவ்வொன்றாகத் திறந்து, தளம் தளமாகப் பாருங்கள். ஒரு குறியீடே பட்டியலில் இல்லாமல் போனால்தான் தீர்ந்தது என்று கொள்ளலாம்.

கணக்குப்பிள்ளை
ஏற்கிறேன். பாதி என்பது கையிருப்பு தெரியாதபோது வைக்கும் வரம்பு. உள்ளறை தீர்ந்திருந்தால் குறைந்தபட்சத்துக்குமேல் ஒரு படி வைத்தாலே போதும்.

நடுக்கப்பல்
எல்லாரும் விலையையே பேசுகிறீர்கள். வடகடல் அவர்கள் கையில் இருப்பது 6-ஆம் தளம், நடுப்பகுதி. அதை விட்டுக்கொடுக்கும் முன் அதன் அருமை தெரிய வேண்டும்.

கப்பல் இரண்டு விதமாக ஆடும். முன்முனை எழும்பிப் பின்முனை தாழ்வது ஒன்று. பக்கவாட்டில் சாய்ந்து நிமிர்வது இன்னொன்று. முதலாவது இரண்டு முனைகளிலும் அதிகம், நடுவில் குறைவு. இரண்டாவது மேலே போகப்போக அதிகம். நீர்மட்டத்துக்கு அருகே, நடுப்பகுதியில் இருக்கும் அறைதான் மிகக் குறைவாக ஆடும். நிலைநிறுத்தும் துடுப்புகள் பக்கவாட்டுச் சாய்வைத்தான் அடக்கும், முன்பின் எழுச்சியை அல்ல. ஆகவே ஏலத்தில் 12-ஆம் தளம், முன்கோடியில் ஒரு பால்கனி விழுந்தால், வகையில் உயர்வு. குமட்டல் வருபவருக்கு இறக்கம்.

சத்தமும் அப்படித்தான். தளப்படத்தில் உங்கள் அறைக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் என்ன என்று பாருங்கள். மேலே நீச்சல்குளத் தளமோ பஃபே உணவகமோ இருந்தால் விடியும் முன்பே நாற்காலி இழுக்கும் ஓசை. கீழே அரங்கமோ நடனக்கூடமோ என்றால் நள்ளிரவு தாண்டியும் தாளம். முன்கோடியில் கீழ்த்தளம் என்றால் துறைமுகம் சேரும் அதிகாலையில் நங்கூரச் சங்கிலியும் பக்கவாட்டு உந்திகளும். பின்கோடியில் அதிர்வு, சில கப்பல்களில் புகைபோக்கியின் கரித்தூள் பால்கனியில் விழும். படத்தில் வெள்ளையாக, பெயரில்லாமல் விடப்பட்ட கட்டங்களைப் பார்த்தால் சமையலறைக் கிடங்கு, பணியாளர் பாதை, பண்டக அறை என்று நினைத்துக்கொள்ளுங்கள். இரவிலும் வண்டி உருளும். இரண்டு அறைக்கு இடையே அம்புக்குறி இருந்தால் இணைப்புக் கதவு. அடுத்த அறைப் பேச்சு முழுவதும் கேட்கும். மேலும் கீழும் அறைகளே இருக்கும் தளம்தான் அமைதி.

பால்கனி என்ற பெயரிலேயே பலவகை. உயிர்காப்புப் படகு மறைக்கும் பால்கனி உண்டு. கண்ணாடித் தடுப்புக்குப் பதில் இரும்புத் தடுப்பு உண்டு. உட்கார்ந்தால் கடல் தெரியாது, நின்றால்தான் தெரியும். ராயல் கரீபியனின் ஒயாசிஸ் வகைக் கப்பல்களில் உள்பூங்காவைப் பார்க்கும் பால்கனியும் உண்டு; அலாஸ்காவில் அது எதற்கு? செலிப்ரிட்டியின் எட்ஜ் வகையில் பால்கனியே அறைக்குள் சேர்ந்து, மேல்பாதிக் கண்ணாடி மட்டும் இறங்கும். ஏலப் பட்டியலில் ஒவ்வொரு வகையின் முழுப்பெயரையும் படியுங்கள். "மறைக்கப்பட்ட காட்சி" என்று ஒரு சொல் இருந்தால் அதற்குத் தொகை வைக்கவே வேண்டாம்.

அறைக்குள் இடம் பெருகும் என்ற எண்ணத்தையும் விடுங்கள். சாதாரண உள்ளறை 150 முதல் 185 சதுர அடி. பால்கனி அறையின் உட்புறம் பெரும்பாலும் 180, 200. பால்கனி 40, 50 சதுர அடி. பெட்டி வைக்க இடமில்லை, குளியலறை இடிக்கிறது என்பது குறையானால் பால்கனி அதைத் தீர்க்காது, சூட்தான் தீர்க்கும்.

நால்வர்
இடையில் ஒரு கேள்வி. நாங்கள் நான்கு பேர், இரண்டு குழந்தைகள், ஒரே உள்ளறையில் மேல்கட்டில் வைத்துப் பதிவு. ஏலத் தளம் "வாய்ப்பு எதுவும் இல்லை" என்கிறது. இருவர் என்று போட்டுப் பார்த்தால் பால்கனிகள் காலியாகத் தெரிகின்றன. ஏன்?

திசைகாட்டி
இரண்டு காரணம். நான்கு கட்டில் உள்ள பால்கனிகள் குறைவு, குடும்பங்கள் முதலிலேயே எடுத்துவிடுகின்றன. இரண்டாவது கண்ணுக்குத் தெரியாதது: ஒவ்வொரு அறையும் ஓர் அவசரக்கூடல் நிலையத்தோடு, அதன் உயிர்காப்புப் படகுகளோடு கட்டப்பட்டிருக்கிறது. அந்த நிலையத்துக்கு உரிய ஆள் எண்ணிக்கை நிரம்பிவிட்டால், அங்கே அறை காலியாக இருந்தாலும் மூன்றாவது, நான்காவது ஆளை ஏற்ற மாட்டார்கள். பாதுகாப்பு வரம்பு என்பதால் கெஞ்சினாலும் தளராது.

தேடும்போது எப்போதும் நான்கு பேர் என்று போட்டுத் தேடுங்கள். நால்வருக்கு ஏலம் சரியான வழியல்ல. முழுத்தொகை நாளுக்கு முன்பே மாறிவிடுங்கள். அப்போதும் கவனம்: விலை திருத்தினால் நான்கு பேரின் கட்டணமும் இன்றைய விலைக்கு மாறும். மூன்றாம், நான்காம் நபருக்குப் பதிவின்போது கிடைத்த தள்ளுபடி இன்று இல்லாமல் இருக்கலாம். மொத்தத் தொகையை மட்டும் ஒப்பிடுங்கள். ஒரு பால்கனிக்குப் பதில், பால்கனி ஒன்றும் எதிரே உள்ளறை ஒன்றும் எடுத்தால் என்ன வருகிறது என்றும் பாருங்கள். சில பயணங்களில் அது மலிவாக வரும், குளியலறையும் இரண்டாகும்.

நங்கூரன்
இரண்டு அறை எடுத்து இரண்டுக்கும் ஏலம் வைப்பவர்களுக்கு: ஒன்று ஏற்கப்பட்டு மற்றொன்று ஏற்கப்படாமல் போகலாம். பதிவுகள் இணைக்கப்பட்டிருந்தாலும் ஏலம் தனித்தனிதான். குழந்தை ஒரு தளம், பெற்றோர் ஒரு தளம் ஆகிவிடும். சக்கர நாற்காலிக்கென அமைத்த அறையில் இருப்பவர்கள் ஏலத்துக்கே போகக்கூடாது. புதிய அறையில் கதவு அகலமும் குளியலறைப் பிடியும் இருக்கும் என்ற உறுதி இல்லை.

முகவர் மூலம் பதிவு செய்தவர்களுக்கு இன்னொன்று. விலைத் திருத்தத்தை நிறுவனம் உங்களோடு நேரில் பேசாது, முகவர்தான் அழைக்க வேண்டும். குழுப் பதிவு என்றால் ஏலத்துக்கே தகுதி இல்லாமல் போவது உண்டு.

வடகடல்
எல்லாருக்கும் நன்றி. இன்று பார்த்ததில், எங்கள் உள்ளறை வகையில் இரண்டு குறியீடு தீர்ந்துவிட்டது. பால்கனி எல்லாக் குறியீட்டிலும் இருக்கிறது. வித்தியாசம் எங்கள் கட்டணத்தில் ஏறக்குறைய 45 சதவீதம். இருவரில் ஒருவருக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. நடுப்பகுதி என்பதை இழக்க மனமில்லை. எந்தப் பக்கம் எடுப்பது என்பதும் தெரியவில்லை.

நடுக்கப்பல்
குமட்டல் என்றாலே ஏலம் முடிந்தது. அது இடத்தைத் தேர்ந்தெடுக்க விடாது. உங்களுக்கு முதல் வழி மட்டும்தான்: எண் பார்த்து, முழுத்தொகை நாளுக்கு முன்.

பக்கம்: வடக்கு நோக்கிய ஒருவழிப் பயணத்தில் கரை பெரும்பாலும் வலப்பக்கம், அதாவது ஸ்டார்போர்டு. தெற்கு நோக்கி வருபவர்களுக்கு இடப்பக்கம். உள்கால்வாய்ப் பாதையில் இரு பக்கமும் நிலம் தெரியும், ஆகவே தவறான பக்கம் கிடைத்தாலும் வீணல்ல. கிளேசியர் பே போகும் பயணமாக இருந்தால், பனியாற்றின் முன் கப்பல் நின்று மெல்லச் சுற்றும். இரு பக்கத்துக்கும் முறை வரும். அந்த நாளுக்காக மட்டும் பால்கனி எடுக்க வேண்டியதில்லை, திறந்த மேல்தளத்தில் மூன்று திசையும் தெரியும். பால்கனியின் பயன் மற்ற நேரத்தில்தான்: அதிகாலையில் திமிங்கிலம் என்று அறிவிப்பு வந்தால் போர்வையோடு கதவைத் திறந்து நிற்கலாம். கோடையில் அங்கே பத்து மணிவரை வெளிச்சம் இருக்கும்.

மேல்தளம்
45 சதவீதம் இன்றைய விலை. இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. உள்ளறை தீர்ந்து பால்கனி தேங்கியிருப்பதால் இறங்க இடமுண்டு. வாரத்துக்கு இரண்டு முறை, ஒரே நேரத்தில், பதிவில் சேர்க்காமல் விலையைப் பார்த்து எழுதிவையுங்கள்: தேதி, குறியீடு, விலை, எத்தனை நடுப்பகுதி எண் காலி. விலை இறங்கினாலும் நடுப்பகுதி எண்கள் குறைந்துகொண்டே போனால் காத்திருப்பதில் பயனில்லை. நடுப்பகுதியில் உங்களுக்குப் பிடித்த காலி அறைகள் மூன்றுக்குக் கீழே வந்த அன்றே எடுத்துவிடுங்கள். அதன்பின் விலை இறங்கினாலும், முழுத்தொகை நாள்வரை திருத்தச் சொல்ல உரிமை இருக்கிறது.

திசைகாட்டி
அதேதான். முன்பணம் திரும்பும் வகை என்பதால் இதில் உங்களுக்கு நட்டமே இல்லை. திரும்பாத முன்பண வகை என்றால் மாற்றத்துக்குமுன் விதியைப் படிக்க வேண்டும். அதே பயணத்தில் வகை உயர்த்துவதற்குப் பொதுவாகத் தடையில்லை, தேதி மாற்றினால்தான் கட்டணம்.

முழுத்தொகை நாள் எல்லா நிறுவனத்துக்கும் 90 அல்ல என்பதை இழையைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ராயல் கரீபியனில் 4 இரவு வரை 75 நாள், 5 இரவு முதல் 90, நார்வீஜியனில் 120. உங்கள் உறுதிச்சீட்டில் அச்சாகியிருக்கும் தேதியே இறுதி. அதற்கு மூன்று நாள் முன்னதாக நினைவூட்டல் வையுங்கள், கடைசி நாளில் தொலைபேசி வரிசை நீளும்.

நங்கூரன்
மாறிய அன்றே செய்ய வேண்டியவை. "அறை மாற்ற வேண்டாம்" என்ற குறிப்பைப் பதிவில் சேர்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் இலவச உயர்வு என்று சொல்லி நடுப்பகுதியிலிருந்து முன்கோடிக்குத் தூக்கிப் போடுவது உண்டு. பயணக் காப்பீட்டில் காப்புத்தொகையைப் புதிய செலவுக்கு உயர்த்துங்கள். பழைய தொகையிலேயே விட்டால் விலகும்போது குறைத்துத்தான் தருவார்கள். பெட்டியில் ஒட்டும் சீட்டுகளைப் புதிய அறை எண்ணோடு மறுபடி அச்சிடுங்கள், பழையது ஒட்டியிருந்தால் பெட்டி வேறு வாசலில் நிற்கும். உணவு நேரம், கரைச் சுற்றுலா, பானத் திட்டம் எல்லாம் பதிவு எண்ணோடு சேர்ந்தவை, அவை தாமே வரும். ஆனாலும் ஒருமுறை திறந்து பாருங்கள். அவசரக்கூடல் நிலையம் மாறியிருக்கும், ஏறியதும் புதிய அட்டையில் உள்ள எழுத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கணக்குப்பிள்ளை
சூட் அறைக்கு மாற நினைப்பவர்களுக்கு இரண்டு வரி. பணியாளர் அன்பளிப்புத் தொகை சூட்டில் நாளொன்றுக்குத் தலைக்கு அதிகம். அதையும் வித்தியாசத்தில் கூட்டுங்கள். ராயல்அப் போன்ற ஏலத்தில் சூட் கிடைத்தால் சூட்டின் வசதிகள் கிடைக்கும், ஆனால் அடிக்கடி வருபவருக்கு நிறுவனம் தரும் விசுவாசப் புள்ளிகள் நீங்கள் முதலில் கட்டிய அறை வகைக்குத்தான். சூட்டுக்குரிய இரட்டைப் புள்ளிக்காக ஏலம் வைக்காதீர்கள்.

வடகடல்
8-ஆம் தளத்தில் நடுப்பகுதி, வலப்பக்கம், மேலும் கீழும் அறைகளே உள்ள எண்கள் ஏழு காலி. இணைப்புக் கதவு உள்ளவற்றைக் கழித்தால் நான்கு. வித்தியாசம் 45-இலேயே நிற்கிறது. மேல்தளம் அவர்கள் சொன்னபடி குறித்துக்கொண்டு வருகிறேன். நான்கு மூன்றானால் எடுக்கலாமா, மூன்றுக்குக் கீழே போனால்தானா?

மேல்தளம்
நான்குக்கு வந்துவிட்டது என்றால் மூன்று வரை காத்திருக்க வேண்டாம். நான்கில் ஒன்றை நாளைக்கே எடுங்கள். தளப்படத்தில் படகுக்கு நேர் மேலே விழும் எண் இருந்தால் அதை மட்டும் விடுங்கள்; 8-ஆம் தளத்தில் குனிந்து பார்த்தால் கடலுக்குப் பதில் படகுக் கூரை தெரியும்.